மூக்குத்தி இல்லாத முகம்

எஹலியகொட,
கீழ்ப் பிரிவு லயம்.

அன்பு மகன் நிரோஷனுக்கு அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் மருமகள் துஷ்யந்தியும் பாப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அந்தக் கட்டார் வெயிலில் நாள் முழுக்க நிற்கிற உனக்கும் அவள்தான் நிழலாக இருக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை தவறாமல் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் முகத்தைப் பார்த்தே பேசுகிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுச் சிரி, பாதியில் மடித்து வைத்துவிட்டு எனக்குப் போன் எடுக்காதே. சில விஷயங்களை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை தம்பி, அதுதான் உண்மை. உன்னோடு வேலை செய்கிற லாபிர் வியாழக்கிழமை லீவு முடிந்து அங்கே திரும்பி வருகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன், கூடவே துஷ்யந்தி செய்த முறுக்கும் கொஞ்சம் கித்துள் கருப்பட்டியும் இருக்கிறது, அறையில் உள்ளவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிடு.

இங்கே மழை விட்டபாடில்லை. விடியற்காலையில் ரப்பர் காட்டுக்குள் போனால் அட்டை காலில் ஏறிக்கொள்கிறது, வெட்டிய பால் சிரட்டையில் விழுவதற்குள் மழைத் தண்ணீர் கலந்து வீணாகிவிடுகிறது, அதனால் பாதி நாள் வேலை இல்லை. எனக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. துஷ்யந்தி கொழுந்து பறிக்கப் போய் வருகிறாள், உன் மாமியார் வீட்டுக்கு ஒரு தரம் போய் வந்தாள், அங்கேயும் எல்லோரும் சுகம். பாப்பாவுக்கு மொட்டை போட்ட தலையில் முடி நன்றாக வளர்ந்துவிட்டது, பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பாதி தமிழும் பாதி சிங்களமுமாக அவள் பேசுகிற பேச்சைக் கேட்டால் உனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். போன ஞாயிறு போனில் உன்னைக் கண்டதும் அவள் முகத்தைத் திருப்பித் துஷ்யந்தியின் தோளில் புதைத்துக்கொண்டாளே, அதை நீ மனதில் வைத்துக்கொண்டு இருப்பது எனக்குத் தெரியும். “நான் எங்கம்மாவ மறந்த மாதிரி இவளும் என்னய மறந்துட்டாளாப்பா, ஏம்ப்பா இப்பிடி மறக்குது” என்று கேட்டுவிட்டு நீ பட்டென்று போனை வைத்துவிட்டாய்.

துஷ்யந்தி வேலைக்குப் போகும்போது பாப்பாவை விடுகிற பிள்ளைக் காம்பராவில் இப்போது படித்த டீச்சர் பிள்ளை ஒன்று வேலை செய்கிறது, நீ கேட்டதை அந்தப் பிள்ளையிடம் போய்க் கேட்டேன். மூன்று வயதுக்கு முந்தி நடந்தது அநேகமாக யாருக்குமே ஞாபகம் இருக்காது என்று சொன்னது. அந்த வயதில் மூளை அவ்வளவு வேகமாக வளர்கிறதாம், பேச்சும் சரியாக வராததால் பார்த்ததைப் பிறகு எடுத்துச் சொல்ல வார்த்தை கிடைக்காதாம், இது இன்னதனால்தான் என்று பெரிய படிப்புப் படித்தவர்களுக்கே முழுசாகத் தெரியாதாம். “அது புள்ளயோட குத்தமும் இல்ல, அம்மா அப்பாவோட குத்தமும் இல்லங்க” என்றது. எனக்கு நம்முடைய மரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ரப்பர்க் கன்றில் யாராவது கத்தியால் பெயரைக் கீறினால், மரம் பெருக்கப் பெருக்க அந்தக் கீறல் அகன்று அகன்று கடைசியில் என்ன எழுதினார்கள் என்றே தெரியாமல் போய்விடும். வளர்கிற உடம்பு அப்படித்தான் போலிருக்கிறது. நீ உன் அம்மாவை வேண்டாம் என்று மறக்கவில்லை ராசா, வளர்ந்தாய், அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். லாபிர் லீவில் வந்தபோது நீ கொடுத்துவிட்ட பெரிய பார்சலைக் கொண்டுவந்து தந்தான். துணியெல்லாம் சுற்றிப் பத்திரமாக அனுப்பியிருந்தாய். பிரித்தால் கண்ணாடி போட்ட படம், மஞ்சள் சீலை கட்டிய ஒரு பெண், இடது கண்ணுக்குக் கீழே மச்சம், முன்பல் ஓரம் உடைந்த சிரிப்பு. அதற்குள் உன் வாய்ஸ் மெசேஜும் போனில் வந்துவிட்டது. துஷ்யந்தி சத்தமாகப் போட்டாள். “அப்பா, எனக்கு அம்மாவப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு, யார்கிட்டயும் சொன்னதில்ல. எல்லாம் மஞ்சளா இருக்கும், அதுக்குள்ள ஒரு மொகம் குனிஞ்சு என்னயப் பாத்துச் சிரிக்கும். சொன்னா வரஞ்சு குடுக்குற ஆப் ஒண்ணு போன்ல இருக்கு, அதுகிட்ட சொல்லிச் சொல்லித் திருத்தி எடுத்தேன். அம்மாவுக்கு மூக்குத்தி இருந்துச்சுன்னு நீங்க சொல்லுவீங்களே, போட்டுப் பாத்தேன், போட்டா அது அம்மா மாதிரி இல்ல, அதனால எடுத்துட்டேன். இந்தத் தெவசத்துக்கு மாலை போட்டு செவுத்துல மாட்டுங்க” என்று சொன்னாய். உன் குரல் கடைசியில் உடைந்தது எனக்குக் கேட்டது. துஷ்யந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாமா, அத்தை எவ்ளோ அழகா இருந்திருக்காங்க” என்றாள். நான் வெளியே போய் மழையில் நின்றேன்.

ஐயோ தம்பி, எப்படிச் சொல்வேன், அது உன் அம்மா இல்லை.

உன் அம்மாவுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் மூக்கைக் குத்தி மூக்காயி என்று பெயர் வைத்தார்கள், அப்படிச் செய்தால் சாவு அந்தப் பிள்ளையைத் தொடாது என்று நம்முடைய ஆட்களுக்கு நம்பிக்கை. மூக்குத்தி இல்லாத உன் அம்மாவை நான் ஒருநாளும் பார்த்தது கிடையாது. எலிக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எல்லாம் முடிந்த பிறகுதான் அதைக் கழற்றி என் கையில் தந்தார்கள், நீ அப்போது தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை. அதைத்தான் உன் கல்யாணத்தில் துஷ்யந்திக்குப் போட்டுவிட்டேன். அந்த மச்சமும் உடைந்த பல்லும் யாருடையது என்று படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது மெட்டில்டா. அந்தக் காலத்தில் நம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருந்தவள். அம்மா போன பிறகு, நான் பால் வெட்டப் போகிற நேரத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும் உன்னை இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தவள். உனக்கு நாலு வயது முடிகிற சமயம் அவள் புருஷன் லோரன்ஸுக்கு ரம்புக்கனை ரயில்வேயில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். பிறகு உனக்கு அவளைத் தெரியாது.

ஆனாலும் ஒரு சந்தேகம் என்னைப் போட்டு அரித்தது. மெட்டில்டா மஞ்சள் கட்டி நான் பார்த்ததில்லை, ஆயம்மாவுக்குத் தோட்டத்தில் கொடுத்தது வெள்ளைச் சீலை. மஞ்சள் சீலை உன் அம்மாவிடம்தான் இருந்தது, பொங்கலுக்கு எடுத்தது. அப்படியென்றால் நீ பார்த்தது யாரை? அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து, கடைசியில் உன் அம்மாவின் முகம் எனக்கே கலைந்துபோய்விட்டது தம்பி. கண்ணை மூடினால் மூக்குத்தி வருகிறது, அதைச் சுற்றி முகம் வரவில்லை. அவளுக்கும் கண்ணுக்குக் கீழே மச்சம் இருந்ததோ, நான்தான் மறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். பார்த்துக்கொள்ள ஒரு கல்யாணப் படம் இருந்தது, பார்க்கத் தாங்காமல், உனக்கும் காட்டாமல் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன், அதுவும் நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது லயத்தில் தீப்பிடித்ததில் எரிந்துபோனது, அந்தத் தீ உனக்கே ஞாபகம் இருக்கும். நான்கு சுவருக்குள் உட்கார்ந்து பெண்டாட்டியின் முகத்தைத் தேடுகிற நிலைமை எந்த ஆம்பிளைக்கும் வரக்கூடாது. உன்னிடம் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும், அவசரப்பட்டு உன் கையில் இருக்கிற ஒரே ஒரு அம்மாவையும் பிடுங்கிவிடக் கூடாது என்று பயந்தேன்.

டவுனில் அவர்களுடைய சேர்ச்சில் போய் விசாரித்தேன். லோரன்ஸ் தவறிவிட்டான், மெட்டில்டா மகள் சரோனோடு ரம்புக்கனையிலேயே இருக்கிறாள் என்று சொல்லி வழியும் சொன்னார்கள். படத்தை நான் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றில் சுற்றி உரப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவிசாவளையில் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் பையன் பையைப் பார்த்து, மாமா என்ன கண்ணாடி வியாபாரமா என்று சிங்களத்தில் கேட்டான். என் சம்சாரத்தின் படம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் எழும்பி, தன் சீட்டையே கொடுத்தான். கேகாலை வரும்வரைக்கும் அந்தச் சீட்டில் முள் மேல் உட்கார்ந்த மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.

மெட்டில்டா வீடு ரயில் ரோட்டுக்குப் பக்கத்தில், ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடியெல்லாம் அதிர்கிறது. ஆள் மெலிந்து தலை பஞ்சாகிவிட்டது. கண்ணும் மங்கல், என் குரலை வைத்துத்தான், “முத்துவீரண்ணனா, நெசமாவா” என்று எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். அடுத்த கேள்வி நீதான். “எம் பூனைக்குட்டி எப்பிடி இருக்கான்” என்றாள். உன்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் படத்தைப் பிரித்து வைத்தேன். முதலில் பார்த்தது சரோன்தான், தேத்தண்ணியோடு வந்தவள் அப்படியே நின்று, “அம்மா, இது நீங்கம்மா!” என்றாள். மெட்டில்டா ஜன்னல் ஓரமாக அதைத் தூக்கிக்கொண்டு போய் மூக்கு ஒட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்தாள். விரலால் தன் உடைந்த பல்லைத் தடவிக்கொண்டாள். “நான் எப்ப இவ்ளோ லட்சணமா இருந்தேன்” என்று சிரித்தாள். நீ சொன்னதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது, “பவ், பாவம் எம் புள்ள” என்று சிங்களத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லி, படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு அவள் சொன்னதுதான் முக்கியம், அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், நிதானமாக வாசி. “அண்ணே, இந்த மஞ்சள் நான் கட்டுனதில்ல. இது மூக்காயி சீலை. அவ போன பொறகு நீங்கதான கொண்டாந்து காம்பராவுல தொட்டில் கட்டிக் குடுத்தீங்க, தொவைக்காத மெட்டில்டா, அவ வாசம் போயிரும்னு சொல்லிட்டுப் போனீங்க. அவன் அதுக்குள்ள போட்டாத்தான் தூங்குவான், நாலு வயசாகியும் காலு வெளிய நீட்டிக்கிட்டு அதுலதான் கெடப்பான். வெயில் ஏறுறப்ப ஜன்னல் வெளிச்சம் சீலைக்குள்ள பூந்து உள்ள எல்லாமே மஞ்சளா இருக்கும். நான் மடிப்ப வெலக்கிக் குனிஞ்சு பாப்பேன். சிரிப்பான்.” இவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அந்தத் தொட்டில் ஞாபகமே இல்லை தம்பி. சீலையை எடுத்துப் போனதோ, கட்டியதோ, துவைக்காதே என்று சொன்னதோ ஒன்றும் எனக்குள் இல்லை. உன் அம்மா போன பிறகு வந்த அந்த மாதங்களே எனக்கு இருட்டாகத்தான் இருக்கின்றன. மீசை வைத்த மனுஷன் எனக்கே இப்படி என்றால், பால்குடி மறந்த பிள்ளை உன்னை என்ன சொல்வது.

அதனால் நீ ஞாபகம் வைத்திருந்தது பொய் இல்லை ராசா. அந்த முகம் மெட்டில்டாவுடையது, அந்த மஞ்சள் உன் அம்மாவுடையது. நீ உன் அம்மாவுக்குள்ளே படுத்துக்கொண்டு மெட்டில்டாவைப் பார்த்திருக்கிறாய். அந்தச் சீலையும் பிறகு எங்கே போனது என்று எனக்கும் தெரியவில்லை, மெட்டில்டாவுக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். தோட்டத்தை விட்டுப் போகும்போது நீ தூங்குகிற நேரம் பார்த்துத்தான் போனாளாம், முழித்திருந்தால் உன்னைப் பிரித்தெடுக்க முடியாது என்று. அவள் போன பிறகு நீ காய்ச்சலில் கிடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறு வருஷம் சேர்ச் திருநாளுக்கு வந்தவள் உன்னைப் பார்க்க ஆசையோடு லயத்துக்கு வந்திருக்கிறாள், நீ யாரோ என்று பார்த்துவிட்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாயாம். “மறந்துட்டான், நல்லதுதான், இனிமே அழ மாட்டான்னு நெனச்சேன் அண்ணே. ஆனா பஸ்ஸு பூரா அழுதுக்கிட்டே வந்தேன். அதுக்கப்பறம் அங்கிட்டு வரல” என்றாள். பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்றைக்கு உனக்கு எப்படி இருந்ததோ, அதை அவள் எப்போதோ உன்னிடமே பட்டிருக்கிறாள். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, நீ என்ன கண்டாய்.

நான் கிளம்பும்போது படத்தைச் சாரத்தில் சுற்றி என் கையில் கொடுத்து, அவனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றாள். “கொண்டுபோய் மாலையப் போடுங்க அண்ணே, வெளக்கு வைங்க. நாங்க வேதக்காரங்க, படத்துக்கு மாலை போட்டா ஆயுசு கொறையும்னு எங்களுக்குக் கெடையாது. புள்ள மனசுல ஒரு அம்மா இருந்துட்டுப் போகட்டும். நான் செத்தவளாவே இருந்துக்கிறேன்” என்றாள். எனக்கு வந்ததே கோபம். உசுரோட எதிரில் நின்று பேசுகிற மனுஷிக்கு மாலை போட்டு விளக்கு வைக்க நான் என்ன பாவியா என்று சத்தம் போட்டுவிட்டேன். சரோன் பயந்துபோய் ஓடிவந்தாள். பிறகு நானும் அழுதேன், கிழவனும் கிழவியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுததைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். படத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், கோபித்துக்கொள்ளாதே. சரோன் அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். மாலை இல்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ருவன்வெல்லைக்கு இந்தப் பக்கம் ஓர் இடத்தில் மாங்காய் விற்றுக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்ததும் உன் அம்மாவின் முகம் கொஞ்சம் வந்தது. பச்சை மாங்காயில் உப்பைத் தொட்டுக் கடித்துவிட்டு ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்வாள். சிரிக்கும்போது கையால் மூக்கை மறைத்துக்கொள்வாள், மூக்குத்தி பெரியது என்று கூச்சம். அவளுக்கு மச்சம் கிடையாது, இப்போது எனக்கு நிச்சயம். மேல் உதடு உன்னுடையதேதான், பாப்பாவுக்கும் அதுதான். அவ்வளவுதான் வந்தது, பிறகு மழை பிடித்துக்கொண்டு எல்லாம் போய்விட்டது. உனக்கு உன் அம்மாவின் முகத்தை எடுத்துத் தர அப்பாவிடம் இதற்கு மேல் ஒன்றும் இல்லை ராசா. இருந்தால் தரமாட்டேனா. திவசத்துக்குச் சுவரில் ஒன்றும் மாட்டப் போவதில்லை. இதையெல்லாம் துஷ்யந்தியிடம் சொன்னபோது நான் கேட்காமலே தன் மூக்குத்தியைக் கழற்றி, “அன்னைக்கு இத வெத்தலையில வச்சு வெளக்கு ஏத்துங்க மாமா, அத்தையோடதுதானே” என்றாள். அப்படியே செய்யப் போகிறேன். தங்கமான பிள்ளை, அவள் மனம் நோகாமல் பார்த்துக்கொள்.

மெட்டில்டாவின் கண்ணுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டுமாம், செய்தாலும் எவ்வளவு தெரியும் என்று சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இருக்கிற வெளிச்சத்தில் உன் முகத்தை ஒரு தரம் பார்க்க ஆசைப்படுகிறாள், வாய் திறந்து கேட்கவில்லை, எனக்குத் தெரியும். சரோனின் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இதை வாசித்து முடித்ததும் முதலில் அழுவது என்றால் அழுதுகொள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அவளுக்கு வீடியோ கால் எடு, எனக்கு அப்புறம் எடுக்கலாம். போனை வெளிச்சம் உள்ள பக்கமாகப் பிடி. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தடுமாறாதே, அம்மா என்றே கூப்பிடு. மூக்காயி ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள், மெட்டில்டா அவளுடைய சீலையில் உன்னைப் போட்டு ஆட்டியவள்தானே.

வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே, தண்ணீர் நிறையக் குடி, வாரத்தில் ஒரு நாளாவது சோறு சமைத்துச் சாப்பிடு. எந்தக் குறையும் உன்னை அண்டாமல், நல்ல பெயரோடு, கை கால் சுகத்தோடு நீ வீடு வந்து சேர வேண்டும், உன் அம்மா எங்கே இருந்தாலும் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று உச்சி முகர்ந்து ஆசீர்வாதம் செய்கிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உங்களோடு இருக்கிற நுஹ்மான் அடுத்த மாதம் லீவில் வருவதாக லாபிர் சொன்னான். அவன் கையில் நீ உடுத்திப் படுக்கிற பழைய சாரம் ஒன்றைக் கொடுத்துவிடு. பாப்பாவுக்குத் தொட்டில் கட்ட வேண்டும். துவைக்காமல் அனுப்பு.

உன் அப்பா,
முத்துவீரன்.